பெட்ரோல் மூடியில் பதிந்த கட்டைவிரல்

மேலகரத்தில் அந்த ஒரு தெருவில் மட்டும் இரண்டு பழைய பத்மினி கார்கள் உண்டு. காலை ஆறரை மணிக்கு அவற்றில் ஒன்று கிளம்பும். சாவியைத் திருப்பியதும் ஒரே ஒரு இருமல், அடுத்த நொடி சீரான ஓட்டம். அது தெருக் கடைசி வீட்டுத் தங்கசாமியின் கார். அந்த நேரத்தில் ஞானசம்பந்தம் தன் வீட்டுக் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றுவிடும். இன்றைக்காவது அந்த ஆள் இரண்டாவது தடவை சாவியைத் திருப்ப வேண்டியிருக்குமா என்று காது அங்கேயே கிடக்கும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அப்படி நடக்கவில்லை.

"அவரு வண்டி கிளம்பியாச்சுல்லா? இனி வாயக் கொப்பளிங்க" என்பாள் அவர் மனைவி யோகலட்சுமி.

ஞானசம்பந்தத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தென்காசியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் கட்டைவிரலைப் பிடித்து, மையில் மெதுவாக உருட்டி, ஒரு கோடுகூடக் கலையாமல் தாளில் பதிய வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இப்போது உள்ளே விரலை வைத்தால் கணினியே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பழைய ஆட்கள் அவர் மேசைக்குத்தான் வருவார்கள்.

இரண்டாவது பத்மினி அவருடையது. அவர் அப்பா வாங்கியது. பத்து வருடத்துக்கு முன்பு ஒரு மெக்கானிக் அதன் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்பிரிங்கை நீட்டினான். "இது மிச்சம் வந்துட்டு சார். இது இல்லாமலும் ஓடும்" என்றான். அன்றோடு வேறு எவர் கையும் அந்த பானெட்டுக்குள் போகவில்லை. ஒரு பழைய கையேட்டையும் செல்போன் வீடியோக்களையும் வைத்துக்கொண்டு அவரே எல்லாம் கற்றுக்கொண்டார். கார்ப்பரேட்டர் பாகங்களைப் பெட்ரோலில் ஊறப்போட ஒரு பழைய இட்லிக் கொப்பரை. நூல் மாதிரித் துளையுள்ள ஜெட்டுகளை வாயில் வைத்து ஊதி அடைப்பு எடுப்பார். அன்றைக்கெல்லாம் அவர் தின்னும் தோசையில் பெட்ரோல் மணக்கும். கார் ஓடியது. நன்றாகவே ஓடியது என்றும் சொல்ல முடியாது, ஓடவில்லை என்றும் சொல்ல முடியாது.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கத்து வீடுகளில் விருந்தாளிக் கூட்டம் தாங்காது. திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் அருவியில் குளிக்க வந்து இறங்கும். கூட்டிப் போய்க் காட்டுவது வீட்டுக்காரர் கடமை. கார் இல்லாதவர்கள் கார் உள்ளவரிடம் வந்து நிற்பார்கள். ஏறக்குறைய இருபது வருடம் அந்தத் தெரு ஞானசம்பந்தத்தின் வாசலில்தான் வந்து நின்றது. "அண்ணாச்சி, நாளைக்கு ஐந்தருவிக்கு ஒரு எட்டு..." என்று இழுப்பார்கள். அவர் உடனே சரி என்று சொல்ல மாட்டார். காலண்டரைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பிறகுதான் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

பட்டாளத்தில் வண்டிப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்ற தங்கசாமி, கடையத்திலிருந்து வந்து தெருக் கடைசியில் வீடு கட்டினார். எங்கேயோ துருப்பிடித்துக் கிடந்த ஒரு பத்மினியை வாங்கி, ஆறு மாதம் தார்ப்பாய்க்குள் வைத்துத் தட்டி எடுத்தார். அது வெளியே வந்த சீசனிலேயே தெரு தன் நடையை மாற்றிக்கொண்டது. தங்கசாமியிடம் காலண்டரும் இல்லை, வானமும் இல்லை. கேட்டால் ஒரே பதில்: "ஏறுங்க, போவோம்."

போன வருடம் ஆடி மாதம் இன்னொன்றும் நடந்தது. ஞானசம்பந்தத்தின் கார் பழைய குற்றாலம் போகும் வழியில் குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. பெட்ரோல் டேங்கின் பழைய மூடி சரியாக உட்காராமல் சாரல் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. பின்னால் வந்த தங்கசாமி காரை ஓரங்கட்டி, பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் தண்ணீர் முத்து மாதிரித் திரண்டு நின்றது.

"என்ன அண்ணாச்சி, பெட்ரோல் பங்குல அருவிய விட்டுட்டானுவளா?"

அவருடைய காருக்குள் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அதே தெருப் பெண்கள். அதில் இரண்டு பேர் போன தலைமுறையிலிருந்து ஞானசம்பந்தத்தின் காரில் போனவர்கள்.

அந்தச் சிரிப்பு அவருக்குள் ஒரு வருடம் இருந்தது. இந்த வருடம் சீசனுக்கு முன்னாலேயே புது மூடி வாங்கினார். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருப்பதைக் கண்டார். சாரல் என்பது ஊசி முனைக்குள்ளும் நுழையும் தண்ணீர் அல்லவா? குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலைக் கொஞ்சம் பிசைந்து உருட்டி, துளையின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. இனி ஒரு சொட்டு இறங்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பிரச்சினை அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது. கார் தெருவுக்குள் நன்றாக ஓடும். கொஞ்ச தூரம் போனால் மூச்சு முட்டின மாதிரி இழுத்து நின்றுவிடும். அரை மணி நேரம் கிடந்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும்.

அதே வாரத்தில்தான் தங்கை ஆனந்தவள்ளி தென்காசியிலிருந்து வந்தாள். அவள் மகன் கௌரிசங்கருக்கு ஆனி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். தாய்மாமன் ஞானசம்பந்தம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கோயில் வாசலிலிருந்து மண்டபம் வரை மருமகனைத் தன் பத்மினியில் ஊர்வலமாகக் கூட்டிப் போவது என்று, அந்தப் பையன் பிறந்த அன்றைக்கே அவர் சொல்லி வைத்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுவேன். கோவப்படக் கூடாது" என்றாள் ஆனந்தவள்ளி.

"சொல்லாமலே கோவப்பட முடியுமாட்டி? சொல்லு."

"கௌரி என்ன சொல்லுதான்னா... ஒன் வண்டி அடிக்கடி நின்னுருதுல்லா. ஊர்வலத்துக்கு மட்டும் தங்கசாமி அண்ணாச்சி வண்டியக் கேப்போமான்னு..."

"தாய்மாமன் நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்" என்று அவள் எழுந்து யோகலட்சுமியிடம் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் அந்த ஆளின் காரில் ஏறட்டும். தன் தங்கை மகன், மாலையும் கழுத்துமாக அதில் உட்கார்ந்து, தன் வீட்டு வாசலையே கடந்து போவதை நினைத்தால் நெஞ்சுக்குள் யாரோ உப்புத்தாளால் தேய்ப்பது போல இருந்தது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கௌரிசங்கரிடம் போனில் நேரடியாகவே பேசினார். பையன் நல்லவன். மாமாவை நோகடிக்கவும் மனமில்லை, நடுத்தெருவில் நிற்கவும் மனமில்லை.

"ஞாயித்துக்கிழமை வாரேன் மாமா. நம்ம ரெண்டு பேரும் ஐந்தருவி வரைக்கும் நிக்காம போயிட்டு வருவோம். வந்துட்டோம்னா ஒங்க வண்டிதான். பேச்சே கிடையாது."

ஞானசம்பந்தம் எட்டு நாள் மேசையைப் பூட்டிவிட்டு காருக்கு அடியில் படுத்தார்.

முதலில் பெட்ரோல் பம்ப். டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் அந்தச் சின்ன உறுப்புக்குள் ஒரு ரப்பர் தகடு உண்டு. அது கிழிந்திருக்கும் என்று முடிவு கட்டி, மதுரையிலிருந்து புதிது வரவழைத்தார். கழற்றிப் பார்த்தால் பழையது நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாற்றினார். அடுத்தது குழாய்கள். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்துவிடும் என்று வீடியோவில் சொன்னார்கள். தொட்டால் பிசுபிசுத்த இரண்டு குழாய்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். மூன்றாவது கார்ப்பரேட்டர். கொப்பரையில் ஊறப்போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஜெட்டுகளை ஊதி ஊதி அவருக்குத் தலை சுற்றியது.

"அதுக்குப் பண்ணுத பணிவிடைய எனக்குப் பண்ணியிருந்தா என் முட்டுவலி என்னைக்கோ போயிருக்கும்" என்றாள் யோகலட்சுமி.

ஒவ்வொன்றையும் மாட்டிய பிறகு தெருவுக்குள் ஒரு சுற்றுப் போவார். ஐந்து நிமிடம் தங்கமாக ஓடும். மனசுக்குள் மேளம் கொட்டும். தென்காசி ரோட்டில் ஏறினால் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். பம்ப் சூடாகிப் பெட்ரோல் ஆவியாகிறது என்று சந்தேகப்பட்டு அதன்மேல் ஈரத்துணி சுற்றினார். அதைப் பார்த்துவிட்டுத் தங்கசாமி தெருவில் நின்றபடியே சொன்னார்:

"மேல மலைக்காத்து வந்து எலும்பக் குத்துது, நீங்க பம்புக்கு வேற ஈரத்துணி போடுதிய. அதுக்குச் சளி பிடிச்சிரும் அண்ணாச்சி. நான் ஒரு தடவ பாக்கட்டுமா?"

"வேண்டாம்வே. நீரு உம்ம வண்டியப் பாரும்."

பார்க்க விட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆளின் கை தன் பானெட்டுக்குள் போவதைவிட, கார் அப்படியே துருப்பிடிக்கட்டும் என்றுதான் அவருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கௌரிசங்கர் பக்கத்தில் உட்கார, கார் கிளம்பியது. முந்தின நாள் டேங்கை முழுக்க நிரப்பியிருந்தார். குற்றாலம் வரை ஒரு குறையும் இல்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டி ஐந்தருவி ஏற்றத்தில் கால்வாசி ஏறும்போது எஞ்சின் இழுத்தது. அவர் பல்லைக் கடித்தார். இரண்டு குலுக்கல். நின்றுவிட்டது.

கௌரிசங்கர் சன்னல் வழியாக எங்கேயோ குரங்கைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் மோசமாக இருந்தது.

விதி என்று சொல்வதா, சீசன் என்று சொல்வதா, பத்தே நிமிடத்தில் தங்கசாமியின் கார் ஈரத்தலைகளோடு எதிரே இறங்கி வந்தது. நிறுத்தினார். இறங்கினார்.

"திரும்பவும் தண்ணியா அண்ணாச்சி?"

"தண்ணியா? வாரும், வந்து பாரும்" என்று ஞானசம்பந்தம் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிப் போனார். "ஒரு சொட்டு உள்ள போவாது. எப்படி மூடியிருக்கேன் பாரும்."

மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். வெளியே வருகிற சத்தம் இல்லை, காற்று உள்ளே பாய்கிற சத்தம். பாம்பு சீறினாற்போல், இறங்கி வந்திருந்த கௌரிசங்கரோடு மூன்று பேரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

தங்கசாமிக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்குத்தான் அந்தத் துளை. அதை அடைத்தால் டேங்க் காற்றுக்குத் தவித்துப் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரமாக. எஞ்சின் பட்டினியில் நிற்கும். கொஞ்ச நேரம் கிடந்தால் இண்டு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய் மறுபடி கிளம்பும்.

"இந்த ஓட்டைய யாரு அடைச்சா அண்ணாச்சி?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துது."

தங்கசாமி மூடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். கல்லாகிப்போன எம்-சீலில் ஒரு கோடுகூடக் கலையாமல் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவர் ஞானசம்பந்தத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரேகை நல்லா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

கௌரிசங்கருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஞானசம்பந்தம் ஊசியைச் சூடாக்கி அந்த ரேகையின் நடுவிலேயே குத்தித் துளையைத் திறந்தார். அதன் பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை. தனியாகவே ஐந்தருவிக்கு மூன்று தடவை போய்வந்தார். போனில் சொன்னார். கௌரிசங்கர் தயங்கினான்.

"சரியாயிட்டு மாமா, எனக்குத் தெரியும். ஆனா அம்மா தங்கசாமி மாமாகிட்ட வெத்தல பாக்கு வச்சுச் சொல்லிட்டா. நீங்க எம் பக்கத்துல உக்காருங்க. வண்டி எதுவா இருந்தா என்ன?"

வண்டி எதுவா இருந்தா என்ன. அந்த ஒரு வரியை அவர் நாலு நாள் மென்றார்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று மாலை, மேலகரம் பிள்ளையார் கோயில் முன்னால் தங்கசாமியின் கார் மல்லிகையும் செவ்வந்தியுமாக நின்றது. நாயனக்காரர்கள் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கசாமி வெள்ளை வேட்டி சட்டையில் கோயிலுக்குள் திருநீறு வாங்கிக்கொண்டிருந்தார். ஞானசம்பந்தம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குறை ஏதாவது கண்ணில் படாதா என்று தேடினார்.

பட்டது.

பின்பக்கம் "கௌரிசங்கர் – அபர்ணா" என்று தெர்மாகோல் எழுத்து ஒட்டியிருந்தார்கள். சாரலில் விழுந்துவிடாமல் இருக்க, அலங்காரக்காரப் பையன்கள் அகலமான டேப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நாலைந்து சுற்று இழுத்து ஒட்டியிருந்தார்கள். டேப் பெட்ரோல் மூடிக்கு மேலேயே போயிருந்தது. மூடி தெரியவேயில்லை. சுத்தமாக அடைத்தாயிற்று. கல்யாணத்துக்காகத் தங்கசாமி டேங்கை முழுக்க நிரப்பியிருப்பதாகக் காலையில் ஆனந்தவள்ளி சொல்லியிருந்தாள்.

இது நிற்கும் என்று ஞானசம்பந்தத்துக்குத் தெரிந்தது. எட்டு நாள் காருக்கு அடியில் படுத்துக் கற்ற பாடம். நகத்தால் ஒரு கீறல் போட்டால் போதும். கையைக் கொண்டுபோனார்.

"அண்ணே, ஏறு! நல்ல நேரம் போவுது" என்று ஆனந்தவள்ளி கூப்பிட்டாள்.

கையை எடுத்துக்கொண்டு போய் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் திருப்பிலேயே கிளம்பியது. மேளம் முன்னால் நகர, கார் நடை வேகத்தில் பின்னால் போனது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஐந்து நிமிடம். தன் வீட்டு வாசல் வந்தது. உள்ளே தன்னுடைய பத்மினி தார்ப்பாய் மூடி நிற்பது தெரிந்தது. தங்கசாமி கண்ணாடியில் அவரைப் பார்த்து, "வசதியா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். "ம்" என்றார். பத்து நிமிடம். வெடி வெடித்தார்கள். பதினைந்து. இலஞ்சி ரோட்டில் திரும்பினார்கள். ஒருவேளை நிற்காதோ என்று நினைத்தபோது அவருக்கு வந்தது நிம்மதியில்லை, ஏமாற்றம். அது அவருக்கே தெரிந்தது.

பதினெட்டாவது நிமிடம் எஞ்சின் இழுத்தது.

தங்கசாமி சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடியும் திருப்பினார். மூன்று வருடமாக ஞானசம்பந்தம் காது கொடுத்துக் காத்திருந்த சத்தம் அது. அதைப் பின் சீட்டிலிருந்தே கேட்டார். தங்கசாமி இறங்கி வேட்டியை மடித்துக் கட்டி பானெட்டைத் திறந்தார். மேளம் நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் சூழ்ந்தார்கள். "பட்டாளத்து வண்டியும் படுத்துட்டாவே?" என்று யாரோ கேட்டார்கள். கேட்கக் கேட்க இனித்தது. இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. ஆரத்தித் தட்டோடு பின்னால் நடந்து வந்த ஆனந்தவள்ளி ஓடிவந்து சன்னலைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பாதி வழில நின்னுட்டே அண்ணே! எம் பிள்ளைக்கு என்னத்துக்கு இது? என்ன சகுனமோ தெரியலயே!"

கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தங்கை இப்படி நினைப்பாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. அவர் கணக்கில் இருந்ததெல்லாம் தங்கசாமி மட்டும்தான். கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடினார். வீட்டுச் சாவியால் டேப்பைக் கிழித்தார். தெர்மாகோலில் பெண் பெயர் பாதி பிய்ந்து வந்தது. மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ்.

"இப்ப அடியும்வே!" என்று கத்தினார்.

நாலு திருப்பில் கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. மேளம் மறுபடி எடுத்தது. ஆனந்தவள்ளி அழுகையும் சிரிப்புமாக அண்ணன் தோளில் குத்தினாள்.

பானெட்டை மூடிவிட்டு வந்த தங்கசாமி அவர் கையில் தொங்கிய டேப்பைப் பார்த்தார். ஈரமான மூடியைப் பார்த்தார். தணிந்த குரலில் கேட்டார்:

"நேரா அங்கனயே போனீயளே அண்ணாச்சி. ஏறும்போதே பாத்துட்டியளோ?"

ஞானசம்பந்தம் டேப்பை உள்ளங்கைக்குள் சுருட்டினார். தங்கசாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, ஏறுங்க. நனையுதிய" என்றார்.

மண்டபத்தில் எல்லோருக்கும் அதே பேச்சு. பட்டாளத்துக்காரருக்கே பிடிபடாததை நம் பத்திரக்கார அண்ணாச்சி பிடித்துவிட்டார் என்று. கேட்கிறவர்களிடமெல்லாம் தங்கசாமியும் அதையேதான் சொன்னார்: "அண்ணாச்சி இல்லைன்னா வண்டி அங்கனயேதான் நின்னிருக்கும்." வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டைக்கும் வழி விடாத அந்தப் பெருந்தன்மையும் அந்த ஆளிடமே இருக்கிறதே என்று ஞானசம்பந்தத்துக்குப் பாயசம் கசந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை ஆறரை. அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தெருக் கடைசியில் சாவி திரும்பியது. இருமல். அமைதி. மறுபடியும் திரும்பியது. இருமல், அமைதி. மூன்றாவதில்தான் எஞ்சின் பிடித்தது.

யோகலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னைக்கு ஒங்களுக்குத் தீபாவளில்லா?"

அவர் சிரிக்கவில்லை. டேப்பின் பசை மூடித் துளையில் ஒட்டி, ராத்திரி முழுக்கக் கிடந்தும் காற்றை உள்ளே விட்டிருக்காது என்று அவருக்குத் தெரிந்தது. வாயைக் கொப்பளித்தார். யோகலட்சுமியின் ஊசிப் பெட்டியிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு தெருக் கடைசிக்கு நடந்தார். தங்கசாமி பானெட்டுக்குள் குனிந்திருந்தார்.

"அங்கன இல்லவே. மூடில பசை இருக்கும்" என்றார் ஞானசம்பந்தம். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஏறும்போதே பாத்தேன்" என்றார்.

"தெரியும்லா" என்றார் தங்கசாமி. "ஊசியக் குடுங்க, குத்திருவோம்."

"வேண்டாம். நானே குத்துதேன்."

துளையிலிருந்து பசை நூல் மாதிரி வந்தது. அதை ஊசியில் சுற்றி எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மூடியை இறுக்கினார். தங்கசாமி வண்டியை அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஞானசம்பந்தத்துக்கு வயிறு எரிந்தது.